பனிமலை ஏற நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

மாமல்லபுரத்திற்குச் சென்ற எவரும் அங்குள்ள பெரும் பாறை உருண்டையைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று அதற்குப் பெயர். 'இதோ உருளப் போகிறேன்' என்று மிரட்டுவது போலச் சரிவின் மேல் நிற்கிறது, ஆனால் உருள்வதில்லை. அதே பாறைச் சரிவில் சற்றுத் தள்ளிச் சிறுவர்கள் உட்கார்ந்து சறுக்கி விளையாடுவதையும் பார்த்திருப்பீர்கள். சறுக்கிச் சறுக்கியே அந்த இடம் வழுவழுப்பாகிவிட்டது. ரப்பர் செருப்புடன் நிற்க முடிகிற சரிவில், கால்சட்டை படும்படி உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போகிறோம். சரிவு மாறவில்லை, நம் எடையும் மாறவில்லை. ஒன்றையொன்று தொடும் பரப்புகள் மட்டுமே மாறின. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புதுப்பட்டினம், கல்பாக்கம் பகுதியில் 'பனி' என்றால் மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்கும் நீர்த்துளிதான். ஆனால் இப்போது விடுமுறைக்குக் குலு, மணாலி என்று கிளம்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அங்கே மழை பெய்வது போல வெண்பனி பொழிகிறது. 'நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டி இல்லாமல் பனிமலைப் பக்கம் போகவே கூடாது' என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 'அதெல்லாம் வீண் செலவு' என்பவர்களும் உண்டு. பத்தாம் வகுப்பில் படித்த நியூட்டன் விதிகளையும் உராய்வையும் கொண்டு, இவர்களில் யார் சொல்வது சரி என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வி. காரை முன்னால் தள்ளுவது எது? எஞ்சின் என்று சொல்லத் தோன்றும். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். சுழலும் சக்கரம் சாலையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சாலை சக்கரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே காரை முன்னால் தள்ளும் விசை சாலையிடமிருந்து வருகிறது. அதன் பெயர் உராய்வு. எஞ்சின் நூறு குதிரைத் திறன் உள்ளதாக இருக்கலாம். சாலை எவ்வளவு உராய்வு தருமோ அதற்கு மேல் ஒரு துளியும் பயன்படாது. மிச்சமெல்லாம் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுவதில் போய்விடும்.

உராய்வு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? சக்கரத்தின் மேல் அழுந்தும் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைக்கும். டயர் ரப்பருக்கும் உலர்ந்த தார்ச்சாலைக்கும் இடையே இந்தக் குணகம் ஏறத்தாழ 0.7. மழையில் நனைந்த சாலையில் 0.4 அல்லது 0.5. இறுகிய வெண்பனி மேல் 0.2. வழுக்கும் பனிக்கட்டியின் மேல் 0.1 தான், சில வேளைகளில் அதற்கும் கீழே இறங்கும். (ரப்பர் இந்த எளிய விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. நம் கணக்குக்கு இது போதும்.)

குணகத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மீட்டர் நீளப் பலகையின் மேல் ரப்பர் செருப்பை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு நழுவத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்த்திய முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும், தரையில் அதன் கிடைத் தூரம் எவ்வளவு என்றும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைக் கிடைத் தூரத்தால் வகுத்தால் வருவதே உராய்வுக் குணகம். பலகையில் சோப்பு நீரைத் தடவி மறுபடியும் செய்து பாருங்கள். மணாலிக்குப் போகாமலே மணாலிச் சாலை உங்கள் கூடத்தில் கிடைக்கும். செருப்பின் மேல் ஒரு செங்கல்லை வைத்தால் விடை மாறுகிறதா என்றும் பாருங்கள். விடை ஏறத்தாழ மாறாது. 'கனமான வண்டி வழுக்காது' என்று சொல்வோருக்கு இந்தச் செங்கல்லைக் காட்டலாம்.

இனி வண்டிக்கு வருவோம். 1000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் முன்சக்கரங்கள் மட்டுமே எஞ்சினால் சுழற்றப்படுகின்றன. 1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை வரை இந்த வகையே. அதற்கு முன் நம் சாலைகளை ஆண்ட அம்பாசடருக்குப் பின்சக்கரங்கள்தான் இழுக்கும். நம் காரில் எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களின் மேல் 600 கிலோ, பின்சக்கரங்களின் மேல் 400 கிலோ எனக் கொள்வோம்.

இறுகிய வெண்பனி மேல் முன்சக்கரங்களுக்குக் கிடைக்கும் உராய்வு 600 × 0.2, அதாவது 120 கிலோ எடை. நான்கு சக்கரங்களும் இழுத்தால் 1000 × 0.2, அதாவது 200 கிலோ எடை. இதுதான் நாற்சக்கர இயக்கத்தின் முழு இரகசியம். அது உராய்வுக் குணகத்தைக் கூட்டுவதில்லை. சும்மா உருண்டு வரும் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையையும் வேலை வாங்குகிறது.

இந்த விசையைக் கொண்டு எவ்வளவு சரிவு ஏறலாம்? 14 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் சாலையில், காரின் எடையில் 14-இல் ஒரு பங்கு அதைக் கீழ்நோக்கி இழுக்கும். நம் காருக்கு 71 கிலோ. நம் நாட்டு மலைச்சாலைகளை 20-க்கு 1 என்ற சரிவில் அமைப்பது வழக்கம். வேறு வழியே இல்லாத இடங்களில்தான் 14-க்கு 1 வரை போவார்கள். மிகச் செங்குத்தான மலைகளில் அதைவிடச் சற்றுக் கூடும். ஆகவே 14-க்கு 1 என்பதையே நம் தேர்வாக வைத்துக்கொள்வோம்.

வேண்டியது 71 கிலோ. வெண்பனியில் முன்சக்கரங்கள் மட்டும் தருவது 120. போதும்! சாதாரணக் கார் ஏறிவிடும். இப்போது பனிக்கட்டிக்கு வருவோம். முன்சக்கரங்கள் தருவது 600 × 0.1, அதாவது 60 கிலோ. போதாது, கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரங்களும் இழுத்தால் 100 கிலோ கிடைக்கும், ஏறிவிடும். ஆக, ஏறுவதில் நாற்சக்கர இயக்கத்தின் உதவி உண்மையானது. அதை மறுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

உண்மையில் முன்சக்கர இயக்கக் காரின் நிலை இதைவிடச் சற்று மோசம். ஏற்றத்தில் காரின் எடை பின்பக்கம் சாய்கிறது; இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைகிறது. மாடிப்படியில் இருவர் பீரோவைத் தூக்கிச் செல்லும்போது கீழே நிற்பவர் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தக் காரைத் திருப்பி வைத்து ரிவர்ஸ் கியரில் ஏற்றினால்? இழுக்கும் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், கூடுதல் எடை அவற்றின் மேல் விழும், பிடிப்பும் கூடும். தாளில் போட்டுப் பார்க்க அருமையான கணக்கு. மலைச்சாலையில் செய்து பார்க்க வேண்டாம்.

ஊட்டிக்குப் போகும் நம் பேருந்துகளுக்கு இழுப்பவை பின்சக்கரங்கள்தாம். பயணிகளின் எடையில் பெரும்பகுதி பின்னால் விழுகிறது. ஏற்றத்தில் அது இன்னும் கூடுகிறது. நாற்சக்கர இயக்கம் இல்லாமலே அவை நாள்தோறும் மலை ஏறி இறங்குகின்றன.

பக்கத்திலேயே நீலகிரி மலை இரயில் வேறொரு கதை சொல்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளம் ஏறத்தாழ 12-க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும்போது உராய்வு குறைவு. நனைந்தால் இன்னும் குறைவு. அதைவிட முக்கியம், இழுக்கும் சக்கரங்கள் எஞ்சினுக்கு மட்டுமே உண்டு. பெட்டிகளின் எடையெல்லாம் சும்மா உருளும் சக்கரங்களின் மேல். நம் காரின் நோய்தான், பல மடங்கு பெரிதாக. எனவே 1899-இல் குன்னூர் வரை பாதை திறந்தபோதே நடுவில் பற்கள் கொண்ட தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்தார்கள். உராய்வை நம்ப முடியாத இடத்தில் பல்லை நம்பினார்கள். இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

பனிக்கட்டி ஏன் இவ்வளவு வழுக்குகிறது? அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி நீராகிறது, அந்த நீரில் வழுக்குகிறோம் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டால் இது நிற்பதில்லை. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை 0.0075 டிகிரி செல்சியஸ்தான் குறைகிறது. கார் டயரின் அழுத்தம் சுமார் இரண்டு வளிமண்டலம், குறைவு 0.015 டிகிரி. இதனால் என்ன உருகிவிடப் போகிறது? பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளை மேலிருந்து பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே உருகுநிலைக்குக் கீழேயும் அவை தளர்ந்து, நீர் போன்ற மெல்லிய படலமாக இருக்கின்றன. இப்படி ஒரு படலம் உண்டு என்று மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டு வாக்கிலேயே கருதினார். சறுக்கும்போது எழும் உராய்வு வெப்பமும் படலத்திற்கு உதவுகிறது. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் படலம் தடிப்பு, வழுக்கலும் மிகுதி. கடுங்குளிரில் வழுக்கல் குறையும். ஆகவே பனிமலையில் அஞ்ச வேண்டியது நடு இரவுக் கடுங்குளிரை மட்டுமன்று. பகல் வெயிலில் உருகி ஓடிய நீர் மாலையில் சாலை மேல் மெல்லிய கண்ணாடி போல உறையும் நேரத்தையும்தான். அது தெளிந்த பனிக்கட்டி. அடியில் உள்ள தாரின் கருமை அப்படியே தெரியும். ஈரச்சாலை என்றுதான் கண் சொல்லும்.

இதுவரை ஏறினோம். ஏறியவர் இறங்க வேண்டுமல்லவா? என் எண்ணத்தில் இந்தப் பொருளின் உயிர்நிலையே இங்கேதான் இருக்கிறது.

பிரேக்கை மிதித்தால் எத்தனை சக்கரங்கள் தடுக்கின்றன? எல்லாக் கார்களிலும் நான்கும்! முன்சக்கர இயக்கக் காரானாலும் நாற்சக்கர இயக்க ஜீப்பானாலும், நிறுத்தும் வேலைக்குக் கிடைக்கும் உராய்வு ஒன்றே: முழு எடை பெருக்கல் குணகம். பனிக்கட்டியில் நம் காருக்கு 100 கிலோ. 14-க்கு 1 இறக்கத்தில் அதில் 71 கிலோவைச் சரிவே விழுங்கிவிடுகிறது. வண்டியை நிறுத்த மிஞ்சுவது 29 கிலோ. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும் கார் இந்த 29 கிலோ விசையால் நிற்க ஏறத்தாழ 120 மீட்டர் வேண்டும். அதே இறக்கம் உலர்ந்த தார்ச்சாலையாக இருந்தால் 6 மீட்டருக்குள் நின்றுவிடும். இறுகிய வெண்பனியில் 27 மீட்டர். (டிரைவர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.) கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலையில் 120 மீட்டர் நேர்ப்பாதை எங்கே கிடைக்கும்?

இன்னும் ஒரு படி போவோம். பனிக்கட்டியில் நாற்சக்கர இயக்க வண்டி ஏறக்கூடிய உச்சச் சரிவு 10-க்கு 1. அதே சரிவில் இறங்கும்போது? சரிவு இழுப்பது 100 கிலோ. பிரேக் தரக்கூடியதும் 100 கிலோ. மிச்சம் பூச்சியம். வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். முன்சக்கர இயக்கக் காரோ 17-க்கு 1 சரிவிலேயே ஏற முடியாமல் நின்றுவிடும். ஆனால் அந்தச் சரிவில் இறங்கும்போது பிரேக்கிடம் இன்னும் 41 கிலோ கையிருப்பு உண்டு. அதாவது, சாதாரணக் காரின் இயலாமையே அதற்கு ஓர் எச்சரிக்கை மணி. தான் இறங்க முடியாத இடத்திற்கு அது ஏறிப் போவதில்லை. நாற்சக்கர இயக்கம் அந்த மணியை அகற்றிவிடுகிறது. சிரமமில்லாமல் ஏறி வந்தவருக்குச் சாலை வழுக்குகிறது என்பதே தெரிவதில்லை.

இறக்கத்தில் நாற்சக்கர இயக்கத்தால் ஒரு சிறு நன்மை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சின் தரும் தடை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகிறது. இரண்டின் மேலேயே முழுவதும் விழுந்து அவற்றை வழுக்க வைப்பதில்லை. ஆனால் இதுவும் அதே 100 கிலோ வரம்புக்கு உட்பட்டதுதான்.

வளைவிலும் இதே கதை. வண்டி திரும்ப வேண்டிய மையநோக்கு விசையைத் தருவதும் உராய்வே. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை உலர்ந்த சாலையில் மணிக்கு 36 கி.மீ. வரை எடுக்கலாம், பனிக்கட்டியில் 14 கி.மீ. மட்டுமே. எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, பாருங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒருங்கே கூட்டுவது எது? உராய்வுக் குணகம். அதை மாற்ற வேண்டுமானால் சாலையைத் தொடும் பொருளை மாற்ற வேண்டும். வெண்ணெய் உருண்டைச் சரிவில் செருப்பும் கால்சட்டையும் செய்த வேலை. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் போகிறது. குளிர்கால டயர்களை மென்மையான ரப்பரால் செய்து, நுண்ணிய கீற்றுகள் பல இட்டிருப்பார்கள். அந்தக் கீற்றுகளின் விளிம்புகள் பனியைக் கடித்துப் பிடிக்கும். வெண்பனியில் குணகம் 0.2-இலிருந்து 0.3 ஆனால் நம் 27 மீட்டர் 15 மீட்டராகிவிடும். சங்கிலி இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மெல்லத்தான் ஓட்ட முடியும், பனி இல்லாத சாலையில் உடனே கழற்றிவிட வேண்டும். முன்சக்கரத்திற்கு மட்டும் சங்கிலி பூட்டிய கார், இறக்கத்தில் பின்புறம் வீசித் திரும்பக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நம் தமிழர் பலர் வாழும் மாண்ட்ரீல் நகரம் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ளது. அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சுவீடனிலும் குளிர்காலச் சாலைகளுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டு. ஆனால் நாற்சக்கர இயக்கத்தை இந்தச் சட்டங்கள் கேட்பதில்லை. ஆண்டில் நான்கு மாதம் பனியில் ஓட்டுகிறவர்களின் அனுபவம் நம் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இனி நம் மலைகள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கும். தலைகுந்தாப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். சாலை மேல் வெண்பனி குவிவதில்லை. அங்கே நாற்சக்கர இயக்கம் தேவையே இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கு ஆபத்து ஏறுவதில் இல்லை, இறங்குவதில். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1000 கிலோ கார் இறங்குவது ஏறத்தாழ 1900 மீட்டர். அதன் நிலையாற்றல் முழுவதும் வெப்பமானால் 60 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்! இவ்வளவையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினும் காற்றும் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும்.

மணாலியின் நிலை வேறு. 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட பிறகு, முன்பு குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த வழியில் வாகனங்கள் செல்கின்றன. பனி பொழியும் நாட்களில் காவல்துறை நாற்சக்கர இயக்க வண்டிகளையோ சங்கிலி பூட்டியவற்றையோ மட்டும் மேலே விடுவது வழக்கம். இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்பேன். ஏற முடியாமல் குறுக்கே நிற்கும் ஒரு கார் போதும், பின்னால் நூறு கார்கள் கொட்டும் பனியில் மாட்டிக்கொள்ள. நம்மவர்கள் அங்கே வாடகை வண்டியிலும் பழகிய உள்ளூர் டிரைவருடனும் போவதே நல்லது.

நாற்சக்கர இயக்கம் நமக்கு உண்மையாகவே பயன்படும் இடம் ஒன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது: கடற்கரை மணல். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து காரை மணலில் இறக்கிவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாவதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்! மணல் நழுவி விலகுகிறது. முன்னே எழும் மணல்மேட்டை ஏறுவதற்கே பெரும் விசை வேண்டும். ஒரு சக்கரம் வழுக்கினால் கார் முழுவதும் நின்றுவிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. டிஃபரன்ஷியல் எனும் பற்சக்கரத் தொகுதி இரு பக்கச் சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே தரும். ஒன்று வழுக்கிச் சும்மா சுற்றினால் மற்றதற்கும் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன்னச்சையும் பின்னச்சையும் இறுகப் பூட்டும் வசதி உள்ளதால், ஓர் அச்சு வழுக்கினாலும் மற்றது இழுக்கும். அதே பூட்டுடன் உலர்ந்த தார்ச்சாலையில் திரும்பக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்ல வேண்டியிருப்பதால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

நம் குப்பங்களில் மீன்பிடிப் படகைக் கரையேற்றும் டிராக்டரைக் கவனியுங்கள். பெரும்பாலும் பின்சக்கரங்கள் இரண்டுதான் இழுக்கும். ஆனால் எடை பின்னால், டயர் அகலம், அதில் ஆழமான பட்டைகள். படகின் இழுவையும் பின்சக்கரங்களை இன்னும் அழுத்துகிறது. கார் மாட்டிக்கொண்டாலோ, ஆக்சிலரேட்டரை மிதிப்பதை நிறுத்துங்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுங்கள்; டயர் தட்டையாகி மணலைத் தொடும் பரப்பு கூடும், அழுத்தம் குறையும், புதைவதும் குறையும். அலை நனைத்த மணலின் துகள்களை நீர் ஒட்டிப் பிடிப்பதால் அது சற்று இறுக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த அலை அடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், ஆகவே அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். வெளியே வந்ததும் காற்றை நிரப்பிய பிறகே சாலையில் ஓட்டலாம். புறப்படும் முன் வண்டியில் காற்றடிக்கும் பம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.